முதுகு காட்டி வாசித்த குழந்தைகள்

ஜோகூரின் பெர்மாஸ் ஜெயாவில் உங்களுக்கு நடந்த வழியனுப்பு நிகழ்வில் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியப் பணியில் முதுகலைப் பட்டம் படிக்க வெளிநாடு போகிறவர்கள் நீங்கள். அதே படிப்புக்கு முன்னால் போய் வந்து, இப்போது விருப்ப ஓய்வில் வீட்டில் இருப்பவன் நான். குளிர்ச்சட்டையை இங்கே வாங்காதீர்கள், அங்கே பழைய துணி விற்கும் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும் என்றேன். கட்டுரையில் மேற்கோள் காட்டும் முறையைப் புறப்படும் முன்பே பழகிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாரும் குறித்துக்கொண்டீர்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "சார், அங்க போயி தப்பித்தவறிகூட செய்யக்கூடாதது என்னா சார்?" என்று கேட்டார்.

எனக்கு உடனே ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "குளிர்காலத்துல தலைக்குக் குளிச்சிட்டு அப்படியே வெளிய போயிடாதீங்க" என்றேன். சிரித்தீர்கள். பிறகு எல்லாரும் எழுந்து மீ கோரிங் சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த ஆசிரியைக்கு அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன். முடிவில் உங்களுக்குத் தெம்பு தரும்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இத்தனை ஆண்டுகள் தேடியும் எனக்கே அது கிடைக்கவில்லை.

என்னோடு உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்கு வந்தவர் ஓர் ஆசிரியை. பெயரை மாற்றி மாலதி என்று வைத்துக்கொள்கிறேன். நான் சிகாமட் நகரப் பள்ளியில் இருந்தேன். அவர் குளுவாங்கிற்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் இருந்தார். மாணவர் குறைவென்பதால் முதலாம் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் ஒரே அறையில் சேர்த்து வைத்து நடத்துவார். தோட்டத்தில் இப்போது குலை வெட்டுகிறவர்கள் வேறு நாட்டுக்காரர்கள். நம் ஆட்கள் அங்கே குடியிருந்துகொண்டு தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். பொழுது விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்து தாய்மார்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பெண் பிள்ளைகள் எழுந்த கோலத்தில், விரித்த தலையோடு பள்ளிக்கு வருவார்கள்.

மாலதி காலை மணி அடிப்பதற்கு முன் சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சில் எண்ணெயும் சீப்பும் கறுப்பு ரிப்பனுமாக உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் தரையில் முதுகு காட்டி உட்காருவார்கள். மடியில் வாசிப்புப் புத்தகம் இருக்கும். சடை பின்னி முடியும் வரை பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். பையன்களுக்கு நகம் வெட்டிவிடுவார். அவர்களும் அதேபோல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையை அவரிடம் கொடுத்துவிட்டு மறு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள்.

இதை அவர் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் வாயே திறக்காத பிள்ளைகள், தலை பின்னும்போது தாமாக எழுத்துக்கூட்டுவதைக் கண்டுபிடித்திருக்கிறார். "மொகத்த பாத்தாதான் சார் அதுங்களுக்குப் பயம். முதுக காட்டிக்கிட்டா பயம் போயிருது. தப்பா படிச்சா நான் திட்ட மாட்டேன், சடைய ஒரு இழுப்பு மெதுவா இழுப்பேன். அதுங்களே திருத்திக்கும்" என்று என்னிடம் சொன்னார். ஜோகூரில் அந்த அளவு சிறிய பள்ளி ஒன்றில் பிள்ளைகள் அத்தனை சரளமாக வாசிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நேர்காணலில் அவரைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். முதுகலை ஆய்வுக்கும் இதையே எடுத்திருந்தார். இங்கிலாந்தில் அவருடைய ஆய்வு வழிகாட்டி இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

அந்தப் பட்டம் மாலதிக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்கு அது பதவி உயர்வு. அவருக்கு அப்படி இல்லை. ஆண்டுதோறும் தோட்ட வீடுகளில் ஏறி இறங்கி, "உங்க புள்ளைய தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்க, நான் பாத்துக்குறேன்" என்று கேட்டு முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்த்தவர் அவர். "சும்மா தலை பின்னிவிடுற டீச்சர்" என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒருவர் கேலி செய்திருக்கிறார். பட்டத்தோடு திரும்பிப் போய், தான் செய்வது கற்பித்தல்தான் என்று அந்த மனிதரிடம் காகிதத்தில் காட்ட வேண்டும் என்று நினைத்தார். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

படிப்பின் ஒரு பகுதியாக அங்குள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் எங்கள் இருவருக்கும் பயிற்சி. அவருக்கு ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு, எனக்குப் பத்து வயதினரின் வகுப்பு. முதல் நாளே துணைத் தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து விதிகளை வாசித்தார். பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது. தேவையில்லாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டோம். சுற்றறிக்கைகளுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கைகள் நம்முடையவை. அது உங்களுக்குத் தெரியும்.

அந்தத் துணைத் தலைமையாசிரியையைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் பேசாதவர். நான் பாடம் நடத்தி முடித்ததும் நிறைகுறை சொல்ல மாட்டார். "அந்த மூலையில் இருந்த பையன் எப்போது உங்களைக் கவனிப்பதை விட்டான்?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது. அடுத்த முறை தெரிந்து வைத்திருப்பேன். கற்பித்தல் பற்றி நான் அங்கே படித்ததில் பாதி அவரிடமிருந்து வந்தது.

மாலதியின் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை இருந்தாள். வாசிக்கத் தெரியும், ஆனால் சத்தமாக வாசிக்க மாட்டாள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். தெரியுமா என்பதும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. முகத்தை மறைத்து விழும் நீளமான முடி. ஒரு நாள் மதிய இடைவேளையில் புத்தக மூலையில் அவள் மாலதியிடம் வந்து, அவருடைய நீண்ட சடையைச் சுட்டிக்காட்டி, "எனக்கும் இதுபோல் செய்துவிடுவீர்களா?" என்று கேட்டாள். அவள் அந்தப் பள்ளியில் பேசி மாலதி கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

அறைக் கதவு திறந்திருந்தது. நான் அந்த வழியாகப் போனேன். மாலதி சிறிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தை தரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். மெல்லிய குரலில், ஆனால் நிற்காமல், ஒரு பக்கத்தை முழுக்க வாசித்தாள். நான் நின்று கேட்டேன். குளுவாங் சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சை யாரோ அப்படியே தூக்கி வந்து அங்கே போட்டதுபோல் இருந்தது.

அன்று மாலை பேருந்தில் மாலதியால் உட்காரவே முடியவில்லை.

"அலமாக், சார்! படிச்சிருச்சி சார்! அந்த ஊரே சேர்ந்து படிக்க வைக்க முடியாத புள்ள!"

"ஊர விடுங்க. மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் லா. என் ஆராய்ச்சிக்கு இதுக்கு மேல என்னா வேணும்? கறுப்புத் தலைக்கு மட்டும் இல்ல சார், மஞ்சத் தலைக்கும் வேலை செய்யிது!"

நானும் சிரித்தேன். விதி எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. கதவு திறந்திருந்தது, குழந்தையே கேட்டாள், தவறாக ஒன்றும் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் இருந்த அலுவலகப் பெண் மாலதியை மட்டும் நிறுத்தினார். அவர் உள்ளே வர வேண்டாம், விடுதிக்குத் திரும்ப வேண்டும், பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பார்கள் என்றார். காரணம் கேட்டதற்கு, குழந்தையைத் தொட்டது பற்றிப் புகார் வந்திருக்கிறது, அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். மாலதி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தலை பின்னுனதுக்கா சார்?" என்று தமிழில் கேட்டார். கையில் வகுப்புக்காகச் செய்துகொண்டு வந்த வண்ண அட்டைகள் இருந்தன. அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

நான் உள்ளே போனேன். பிள்ளைகள் தாழ்வாரத்தில் குளிர்ச்சட்டைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தையும் நின்றிருந்தாள். கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். தலை முழுக்கக் கத்தரிக்கோல் போட்டு வெட்டிய முடி, சில இடங்களில் தோல் தெரியும் அளவுக்கு. யாரும் அப்படி வெட்டிவிட மாட்டார்கள். தானாக வெட்டிக்கொண்டால்தான் அப்படி இருக்கும். அவளுடைய ஆசிரியை எதுவும் நடக்காததுபோல், "காலை வணக்கம், உன் தொப்பியை நான் வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் குரலில் ஓர் அசைவும் இல்லை. அந்தக் குரலைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நானாக இருந்தால் அய்யோ என்றிருப்பேன்.

பிற்பகலில் என்னைக் கூப்பிட்டு, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். குழந்தையே கேட்டாள், கதவு திறந்திருந்தது, அவள் வாசித்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் துணைத் தலைமையாசிரியை என்னுடன் தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து வந்தார்.

"உங்கள் தோழி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்" என்றார். "எச்சரிக்கையோடு வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் பட்டம் போகாது." பிறகு சற்று நின்று, "அந்தக் குழந்தை பெற்றோரோடு வளர்கிறவள் இல்லை, அரசு ஏற்பாடு செய்யும் வளர்ப்பு வீடுகளில் வளர்கிறவள். முன்பு இருந்த வீட்டில் அவளுக்குத் தலைவாரிவிடுகிறவர் ஒருவர் இருந்தார். இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. இவ்வளவும் சொல்லியிருக்கக் கூடாது. இது உங்களோடு இருக்கட்டும்" என்றார்.

நான் தலையசைத்தேன்.

விடுதிக்கு வந்தபோது மாலதி பொதுச் சமையலறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது, ஆனால் அழுது முடித்திருந்தார். கோபம் மட்டும் பாக்கி.

"வாங்க சார். எழுதிட்டேன். ஒரு தடவ பாத்து இங்கிலீஷ் சரியானு சொல்லுங்க, அனுப்பிடுறேன்."

கடிதம் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்கு. தன் நிறத்தைப் பார்த்துத்தான் பள்ளி இப்படி நடந்துகொண்டது என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த பத்தியில் ஒரு கோரிக்கை. அந்தக் குழந்தையையே குழுவின் முன் அழைத்து, தலை பின்னிவிடச் சொல்லிக் கேட்டது யார் என்று அவள் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

"இந்தப் பத்தி வேணாம், டீச்சர்" என்றேன்.

"ஏன் சார்?"

"சின்னப் பிள்ளை. அவ்வளவு பேர் முன்னால நிறுத்துனா மெரண்டுடும்."

"பாக்கத்தான் சார் சின்னப் பிள்ளை. உண்மைய ஒரே வார்த்தையில சொல்லும். எங்க தோட்டத்துப் புள்ளைங்க போலீஸ்காரன் வந்து கேட்டப்பவே டக்குனு சொல்லுச்சிங்க."

"உங்களுக்கே அது எதிரா திரும்பலாம்."

"எப்படித் திரும்பும்? கேட்டது அது. படிச்சது அது. நான் கத்தியா வெச்சேன், சீப்பத்தானே வெச்சேன்? நீங்களே பாத்தீங்க. நீங்க யார் பக்கம் சார்?"

"எச்சரிக்கையோட விட்டுருவாங்கன்னு நெனைக்கிறேன்."

"எதுக்கு எச்சரிக்கை? எச்சரிக்கைய வாங்கிக்கிட்டா நான் செஞ்சது தப்புன்னு ஆயிரும். அதையே ஆராய்ச்சியா எழுதி, அதையே கொண்டுபோயி எங்க புள்ளைங்ககிட்ட செய்யணும். எப்படிச் செய்வேன்?"

இளம் ஆசிரியர்களே, இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் விரல் அனுப்பும் பொத்தானின் மேல் இருந்தது. அதை அழுத்தினால் குழு அந்தப் பத்தியைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். பள்ளி அதை அனுமதித்திருக்காது என்று பின்னாளில் ஒருவர் எனக்கு விளக்கினார். இருக்கலாம். அந்தச் சமையலறையில் நின்றபோது அந்த நாட்டு நடைமுறை எனக்குத் தெரியாது. காலையில் தொப்பியைக் கழற்றிய தலை மட்டுமே தெரிந்தது. அந்தத் தலையை ஒரு மேசை முன் நிறுத்தி, "உன் முடியைத் தொடச் சொன்னாயா?" என்று யாரோ கேட்கப் போகிறார்கள் என்று மட்டுமே தோன்றியது.

வாக்குக் கொடுத்திருந்தேன். வேறு காரணம் சொல்லித் தடுக்க முயன்றேன், அவர் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

காலையில் கண்டதைச் சொன்னேன். முன்பிருந்த வீட்டில் தலைவாரிவிடுகிறவர் ஒருவர் இருந்தார் என்பதை, எனக்குச் சொல்லப்பட்ட அதே சொற்களில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

 "எவ்ளோ வெட்டிக்கிச்சி?" என்று மாலதி கேட்டார். நான் என் தலையில் கை வைத்துக் காட்டினேன். மடிக்கணினியை மூடினார். எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

"சோறு வெந்திருச்சி. சாப்புடுங்க சார்."

எனக்குப் பரிமாறினார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடவில்லை.

கடிதம் போகவில்லை. விசாரணையில் அவர், "விதி எனக்குச் சொல்லப்பட்டது. நான் மீறினேன்" என்று மட்டும் சொன்னார். குழந்தை கேட்டாள் என்பதை அவர்களே நினைவூட்டிக் கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. துணைத் தலைமையாசிரியை சொன்னபடியே எச்சரிக்கையோடு வேறு பள்ளியில் பயிற்சியைத் தொடர அனுமதித்தார்கள். பட்டத்துக்கு ஆபத்து நீங்கிவிட்டது. நான் நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதி அடுத்த சில வாரங்களுக்குத்தான் நிலைத்தது.

புதிய பள்ளியில் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் திடலில் ஒரு பையன் விழுந்து முழங்கால் கிழிந்து, அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டியபடி அவரிடம் ஓடி வந்திருக்கிறான். மாலதி அசையாமல் நின்றிருக்கிறார்.

"அங்க இருந்த டீச்சர் ஓடியாந்து தூக்கிட்டாங்க சார்" என்று பேருந்தில் என்னிடம் சொன்னார். குரலில் அழுகை இல்லை. "கட்டிப் புடிச்சி சமாதானம் பண்ணாங்க. அடிபட்டா தூக்கலாமாம். விதியிலேயே இருக்காம். நான்தான் நின்னுக்கிட்டே இருந்தேன். அவன் என்னையத்தான் பாத்து ஓடியாந்தான்."

"இனிமே தெரியுமில்ல. அடுத்த தடவ தூக்கிடுங்க."

"முடியல சார். எந்தப் புள்ளைக்குப் பின்னால என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. முன்ன தெரியாதுங்கிறது எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

பருவம் முடியும் முன்பே குடும்பக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். நான் விமான நிலையம் வரை போனேன். அவருடைய ஆய்வு வழிகாட்டி கடைசி வரை அவருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். பதில் போடச் சொன்னேன். "என்னா எழுதுறது சார்" என்றார். ஊர் வந்ததும் வேலையையும் விட்டுவிட்டார்.

நான் படிப்பை முடித்தேன். நல்ல தேர்ச்சி. திரும்பி வந்ததும் காலியாக இருந்த இடத்துக்கு மாற்றலானேன். அந்த இடம் எது என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். குளுவாங்கிற்கு வெளியே அதே பள்ளி, அதே சேர்ந்த வகுப்பு.

முதல் நாள் காலை பெண் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சின் முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் ஆண் ஆசிரியன். பின்னவும் தெரியாது, பின்னவும் கூடாது. வகுப்புக்குப் போகச் சொன்னேன். தலை பின்னாமலே முதுகு காட்டி வாசிக்கும் முறையை மட்டும் எடுத்து நடத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. என் ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு பகுதியே எழுதியிருந்தேன். பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி திரும்பிப் பார்த்து, "நாங்க என்னா தப்பு செஞ்சோம் சார்?" என்று கேட்டாள். சுவரைப் பார்த்து உட்கார வைப்பது அவர்களுக்குத் தெரிந்த தண்டனை. அன்றோடு விட்டுவிட்டேன்.

பெற்றோர் வந்து கேட்டார்கள். ஒரு தாய் தொழிற்சாலைச் சீருடையோடு நின்று, "டீச்சர் பெரிய படிப்பு படிச்சிட்டு வருவாங்கன்னு சொல்லித்தானே சார் எங்க புள்ளைய இங்க போட்டோம்? நீங்க படிச்சிட்டு வந்துட்டீங்க. அவங்க எங்க?" என்றார். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உடல்நலக் குறைவு என்றேன். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுச் சேர்ப்புக்கு நான் வீடு வீடாகப் போனேன். என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகளை நகரத்தில் மலாயில் நடக்கும் தேசியப் பள்ளியில் சேர்த்தார்கள். வாசிப்பில் முதலாக இருந்த வகுப்பு என் கையில் சாதாரண வகுப்பானது. பிறகு சாதாரணத்துக்கும் கீழே போனது. பள்ளி இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று அங்கே யாரும் பேசுவதில்லை.

மாலதியை ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். குளுவாங்கில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் வேலை செய்துகொண்டிருந்தார். மதிய உணவு நேரத்தில், கடையின் பின்பக்கம் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து பேசினோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தார்.

"என்னா சார், தல நரைச்சிருச்சி. வெளிநாட்டுத் தண்ணியா?"

"உங்க வகுப்புதான் நரைக்க வெச்சிருச்சி" என்றேன். சிரித்தார். திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். தற்காலிக ஆசிரியராக எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் தயார் என்றேன். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். நான் அன்று சமையலறையில் சொன்னதற்காக அவருக்கு என் மேல் வருத்தம் உண்டா என்று கேட்டேன்.

"இல்ல சார். சொல்லாம விட்டிருந்தா அந்தப் புள்ளைய இன்னொரு தடவ வதைச்சிருப்பேன். நீங்க சொன்னது சரி."

சரிதான். இன்றும் அந்த இடத்தில் நின்றால் அதையேதான் சொல்வேன். சரியானதைச் செய்துவிட்டால் ஏதாவது ஒன்றாவது மிஞ்சும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசை. அந்தக் குழந்தை குழுவின் முன் நிற்கவில்லை. அது ஒன்று மிஞ்சியது. மற்ற எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

"அது நல்லா இருக்கா சார்?"

நான் அங்கிருந்து கிளம்பும் முன் துணைத் தலைமையாசிரியையிடம் கேட்டிருந்தேன். குழந்தை வேறு ஊருக்கு, வேறு வீட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டாள் என்றார். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அதை மாலதியிடம் சொன்னேன்.

பொட்டலத் தாளை நாலாக மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு ஒரு பக்கம் முழுசா படிச்சிச்சே சார். நெசமாவே படிச்சிச்சா, இல்ல தலையில கை வெச்சிருக்காங்களே, நிறுத்துனா என்னா ஆவுமோன்னு படிச்சிச்சா?"

"அதுவாத்தானே வந்து கேட்டுச்சு" என்றேன்.

"ஆமா. கேட்டுச்சு." மடித்த தாளை ஓர் அட்டைப்பெட்டிக்குள் போட்டார். "அத விடுங்க. நம்ம புள்ளைங்க? நான் முடியக் கையில புடிச்சிக்கிட்டிருந்தேன். அதுங்க படிச்சிச்சிங்க. தப்பு பண்ணா இழுத்தேன். பயம் போயிருச்சி, பயம் போயிருச்சின்னு உங்ககிட்ட, இன்டெர்வியூவுல, அந்த வெள்ளைக்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னேன். அத்தன வருசத்துல ஒரு புள்ள மொகத்தகூட நான் பாக்கல சார். எல்லாம் முதுகு."

 உள்ளிருந்து கல்லாவுக்குக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவரிடம் தலை பின்னிக்கொண்டு வாசித்த பெண்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். குளுவாங் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் என்னைக் கண்டால் நின்று, "வணக்கம் சார், டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று விசாரிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை நிறுத்திக் கேட்டால் போதும், மாலதிக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். இதுவரை நான் யாரையும் கேட்கவில்லை.